கணவனின் கையெழுத்து

2003இல், ஏ9 பாதை திறந்து ஊரில் காணி வாங்கல் விற்றல் சூடுபிடித்திருந்த நாட்களில், நண்பர் ஒருவர் கடிதமொன்றுடன் என் வீட்டுக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் இருந்த அவரது மனைவி தன் சீதனக் காணியில் இரண்டு பரப்பை விற்கப்போகிறா. அதற்கு இவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமாம். "அவவின்ரை தாய் தேப்பன் குடுத்த காணி. நான் பத்து வருசமாய் அந்தப் படலையையே காணேல்லை. என்ரை கையெழுத்து எதுக்கு?" என்றார். "தேசவழமை" என்றேன். அப்போது அது போதுமான பதிலாகத் தோன்றியது.

தேசவழமையை நாம் முன்னோர் தந்ததாகவே பேசிவருகிறோம். அது எழுத்தில் ஏறிய கதை வேறு. 1706இல் ஒல்லாந்துத் தேசாதிபதி சிமொன்ஸின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வாழ்ந்த திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் இங்குள்ள வழக்கங்களைத் திரட்டி எழுதினார். அது தமிழில் பெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலியார்களிடம் கொடுக்கப்பட்டது. அவர்கள் சரியென்றார்கள். பன்னிரண்டு பேரும் ஆண்கள், பதவிக்காரர். பெண்ணொருத்தியிடம் கேட்டதாக அதில் இல்லை. கோவியர், நளவர், பள்ளரை அடிமைகளாக வைத்து விதிகள் சொல்லும் பகுதியும் அதே தொகுப்பில்தான் இருந்தது. 1844இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டபோது அப்பகுதி செத்துப்போயிற்று. வழமையில் கைவைக்கலாகாது என்று வாதிடும் எம் பெரியவர்கள் இதைமட்டும் ஏனோ நினைவுகூர்வதில்லை.

முதுசம் ஆண்மக்களுக்கு, சீதனம் பெண்மக்களுக்கு என்றிருந்த பழைய ஒழுங்கு போர்த்துக்கேயர் காலத்தில் மாறத் தொடங்கியதென்று அத்தொகுப்பே சொல்கிறது. மாறிக்கொண்டிருந்ததைத்தான் ஒல்லாந்தர் எழுதி நிறுத்தினார்கள். 1806இல் ஆங்கிலேயர் அதையே சட்டமென ஏற்றார்கள்.

கையெழுத்து விவகாரம் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டத்தில் இருக்கிறது. மனைவியின் சொத்து மனைவிக்கே என்றது அச்சட்டம். அவள் மரணசாசனம் எழுதலாம், நகையை விற்கலாம். ஆனால் காணியை உயிரோடிருக்கையில் கைமாற்றுவதானால் கணவன் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். 1923இல் வந்த மணமான பெண்கள் சொத்துச் சட்டம் இத்தகைய தடையை நீக்கியபோது தேசவழமைக்குட்பட்டோரை விலக்கியே வைத்தது. 1978ஆம் ஆண்டு யாப்பின் 16ஆவது உறுப்புரையோ, பழைய சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணானாலும் செல்லும் என்றுவிட்டது.

நண்பர் ஒப்பமிட்டுத் தாளை மடித்து உறையில் வைத்தார். "நான் இல்லாமல் போயிருந்தா என்ன செய்வா?" என்று கேட்டார்.

அதற்கும் 1911இல் ஒரு வழி வைத்திருந்தார்கள். கணவன் கைவிட்டுப் போனாலோ, அவனிருக்கும் இடம் தெரியாவிட்டாலோ, நியாயமின்றி மறுத்தாலோ, மாவட்ட நீதிமன்றத்தில் மனுச்செய்து அனுமதி பெறலாம். மலாயாவுக்குப் போய்த் திரும்பாத ஓரிரு கணவன்மாரை மனதில் வைத்து எழுதினார்களோ என்னவோ. 2009இல் யுத்தம் முடிந்தபோது இடம் தெரியாத கணவன்மார் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். மனுவென்றால் அப்புக்காத்து, தவணைமேல் தவணை, பஸ் காசு, அன்றைய கூலி இழப்பு. கூரையற்ற வீட்டிலிருந்து வருபவளுக்கு நீதிமன்றம் தூரமான இடம்.

இன்னொரு வழியும் வந்தது. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம், காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்க இடந்தந்தது. விதவைக்கு யாருடைய சம்மதமும் தேவையில்லை. ஆனால் அதை எடுக்க, கணவன் செத்துவிட்டானென்று அவளே விண்ணப்பத்தில் ஒப்பமிட வேண்டும். பலர் மறுத்தார்கள். காணாமற்போனமைக்கென்று தனியாகச் சான்றிதழ் வழங்கும் திருத்தம் 2016இல்தான் வந்தது.