கவர்னர் டூமாவும் கதாசிரியர் டூமாவும்



மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "இந்தத் தடவை வரலாற்றுக் கட்டுரை நீதான் எழுதணும்" என்றான் நண்பன். "டேய், நான் மெக்கானிக்கல் படிச்சவன். எனக்கும் வரலாற்றுக்கும் என்னடா சம்பந்தம்?" என்று கேட்டேன். "கேண்டீன்ல உக்காந்து பழைய படம் பத்தி மணிக்கணக்கா பேசுவியே, அதையே எழுது. அதுவும் வரலாறுதான்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான். ஆகவே இந்தக் கட்டுரையில் ஏதாவது குறை இருந்தால் பாதிப் பழி அவனுக்கு!

காரைக்காலையும் சினிமாவையும் சேர்த்துச் சொன்னால் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஏ.பி. நாகராஜன் 1973-ல் எடுத்த 'காரைக்கால் அம்மையார்' படம்தான். கே.பி. சுந்தராம்பாள் அம்மையாராக வந்தார், லட்சுமி இளம் வயதுப் புனிதவதியாக வந்தார். அதற்கு முப்பது வருடம் முன்னால், 1943-லேயே இதே பெயரில் ஒரு படம் வந்திருக்கிறது. மாங்கனித் திருவிழா நடக்கும் ஊரில் அந்தக் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. நான் சொல்ல வந்தது வேறு. நம்மை ஆண்ட பிரெஞ்சுக்காரனின் கதைகள் தமிழ் சினிமாவில் என்ன பாடு பட்டன என்பதைத்தான்.

இரண்டு டூமா

1739-ல் தஞ்சை மன்னரிடமிருந்து காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. அப்போது புதுச்சேரியில் கவர்னராக இருந்தவர் பெயர் பெனுவா டூமா. அவருக்குப் பல வருடம் கழித்து, 1802-ல், பிரான்சில் பிறந்த நாவலாசிரியர் அலெக்சாண்டர் டூமா. இருவருக்கும் பெயர்ப் பொருத்தம் தவிர உறவு ஏதும் கிடையாது. ஆனால் கவர்னர் டூமா நமக்குக் கொடுத்ததை விடக் கதாசிரியர் டூமா தமிழர்களுக்குக் கொடுத்தது அதிகம் என்றே சொல்லுவேன். சந்தேகம் இருந்தால் கணக்குப் பாருங்கள்.

இரும்பு முகமூடி போட்டுச் சிறையில் அடைக்கப்பட்ட இரட்டையனின் கதை டூமாவுடையது. அதுதான் 1940-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'உத்தம புத்திரன்'. டி.ஆர். சுந்தரம் டைரக்ஷன், பி.யு. சின்னப்பா இரட்டை வேடம். தமிழில் முதல் இரட்டை வேடப் படம் என்று பெயர் வாங்கியது. அதே கதை, அதே பெயரில் 1958-ல் சிவாஜி நடித்து மறுபடியும் வந்தது. அதே வருடம் ஜெமினி எடுத்த 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' படத்தில் டூமாவின் 'மான்டி கிறிஸ்டோ பிரபு' கதையின் சாயல் தெரியும். அவருடைய 'கார்சிகன் சகோதரர்கள்' கதை 1949-ல் ஜெமினியின் 'அபூர்வ சகோதரர்கள்' ஆனது. அதையே 1971-ல் எம்.ஜி.ஆர். நடித்து 'நீரும் நெருப்பும்' என்று மறுபடி எடுத்தார்கள்.

ஆக, ஒரே எழுத்தாளரின் இரண்டு இரட்டையர் கதைகள் தமிழில் இரண்டிரண்டு தடவை வந்திருக்கின்றன. ஒன்று மறுபடி வந்தபோது கொடி கட்டிப் பறந்தது. இன்னொன்று எதிர்பார்த்த அளவு எடுபடவில்லை. ஏன்?

ஜெயித்த இரட்டையரும் சறுக்கிய இரட்டையரும்

1958-ன் 'உத்தம புத்திரன்' பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். நல்லவன் பார்த்திபனைப் பற்றி ரொம்பப் பேச மாட்டார்கள். கெட்டவன் விக்கிரமனைப் பற்றித்தான் பேசுவார்கள். அவன் நடக்கிற நடை, ஊஞ்சலாடுகிற உடம்பு, மாமா நம்பியார் சொல்வதைக் கேட்டு ஆடும் அந்த அலட்சியம்! டைரக்டர் பிரகாஷ் ராவ், வசனம் எழுதிய ஸ்ரீதர், நடித்த சிவாஜி மூவரும் ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டிருந்தார்கள். இரட்டை வேடம் என்றால் ஒரே முகத்தை இரண்டு தடவை காட்டுவதில்லை. ஒரே முகத்தில் இரண்டு மனிதர்களைக் காட்டுவது. கெட்டுப்போன இளவரசன் எப்படிக் கெட்டான் என்பது அந்த நடையிலேயே தெரிந்தது. சின்னப்பா போட்ட பாதையில் நடந்தாலும் சிவாஜி வேறு ஆளாக நடந்தார்.

'அபூர்வ சகோதரர்கள்' இன்னும் கஷ்டமான கதை. ஒட்டிப் பிறந்து பிரிக்கப்பட்ட இரட்டையர். ஒருவனுக்கு அடிபட்டால் இன்னொருவனுக்கு வலிக்கும். அதிலே ஒருவன், அண்ணன் தம்பி என்றும் பாராமல், மற்றவன் விரும்பும் பெண் மேல் ஆசைப்பட்டுப் பொறாமையில் வேகிறான். கதையின் உயிர் அந்தப் பொறாமைதான். 1949-ல் எம்.கே. ராதா அதைச் செய்தபோது பார்த்தவர்கள் நம்பினார்கள். பக்கத்தில் பானுமதி, எதிரே வில்லன் மார்த்தாண்டனாக நாகேந்திர ராவ். படம் இந்திக்கும் தெலுங்குக்கும் கூடப் போனது.

1971-க்கு வருவோம். எம்.ஜி.ஆர். மணிவண்ணனாகவும் கரிகாலனாகவும் வந்தார். வண்ணப் படம், ஜெயலலிதா ஜோடி, கத்திச் சண்டை எல்லாம் உண்டு. கரிகாலனுக்குக் கறுப்பு மேக்கப்பும் போட்டார்கள். ஆனால் கொட்டகைக்கு வந்த ரசிகன் பார்க்க வந்தது வாத்தியாரை. வாத்தியார் தம் உடன்பிறப்பின் காதலியைப் பார்த்துப் பொறாமைப்படுவாரா? படவே மாட்டார்! நிறத்தை மாற்றினாலும் ரசிகனின் மனதை மாற்ற முடியவில்லை. அதே 1971-ல் 'ரிக்‌ஷாக்காரன்' வந்து அவருக்கு மத்திய அரசின் சிறந்த நடிகர் விருதையும் வாங்கிக் கொடுத்தது. ஆக, குறை நடிகரிடம் இல்லை. அவருக்கென்று மக்கள் மனதில் பதிந்துவிட்ட பாத்திரம் ஒன்று, கதை கேட்ட பாத்திரம் வேறொன்று. இரண்டும் ஒட்டவில்லை. எம்.ஜி.ஆர். ரசிகர்கள் என்னை மன்னிக்கவும். எங்கள் வீட்டிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள், இந்தப் பக்கத்தைப் படித்தால் எனக்குச் சோறு கிடைக்காது.

1989-ல் கமல் 'அபூர்வ சகோதரர்கள்' என்று அதே பெயரை வைத்தார். பிரிந்து வளரும் இரட்டையர், பழிவாங்கல் என்ற விதையை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைப் புதிதாகச் செய்தார்கள். அப்புவை யாராலும் மறக்க முடியுமா? பழைய கதையை அப்படியே தூக்கி வந்த படத்தை விட, விதையை மட்டும் எடுத்து வந்த படம் நன்றாக முளைத்தது.

பாத்திரம் பெயராகிப் போன கதை

டூமாவை விடுங்கள். இன்னொரு பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹியூகோ. அவர் 1862-ல் வெளியிட்ட 'லே மிசராப்ளே' நாவலைத் தமிழாக்கி 'ஏழை படும் பாடு' என்று பெயர் வைத்தவர் கவியோகி சுத்தானந்த பாரதியார். புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தில் பல வருடங்கள் வாழ்ந்தவர். பிரெஞ்சுக் கொடி பறந்த மண்ணுக்கும் இந்தக் கதைக்கும் அப்படி ஒரு தொடர்பு உண்டு.

கோவை பக்ஷிராஜா ஸ்டூடியோ 1950-ல் அதைப் படமாக எடுத்தது. டைரக்ஷன் கே. ராம்நாத். ரொட்டி திருடி ஜெயிலுக்குப் போன கந்தனாக நாகையா நடித்தார். ஆனால் படம் ஒரு புது நடிகருக்குப் பெயரையே கொடுத்துவிட்டது. கந்தனை விடாமல் துரத்தும் போலீஸ் அதிகாரி ஜாவராக நடித்தவர் சீதாராமன். அன்றிலிருந்து சாகும் வரை அவர் ஜாவர் சீதாராமன்தான். பின்னால் பாட்டே இல்லாமல் வந்த 'அந்த நாள்' (1954) படத்துக்குத் திரைக்கதை வசனம் எழுதி, அதில் துப்பறியும் அதிகாரியாகவும் நடித்தவர் அவரே. நட்சத்திரத்துக்கு ரசிகர்கள் பட்டம் கொடுப்பதைப் பார்த்திருக்கிறோம். ஒரு பிரெஞ்சு நாவலின் போலீஸ்காரன் தமிழ் நடிகருக்கு இனிஷியல் மாதிரி ஒட்டிக்கொண்டது அதிசயம்தான்.

அந்தப் பாத்திரத்தில் அப்படி என்ன இருக்கிறது? ஜாவர் லஞ்சம் வாங்குகிறவன் இல்லை, கொடுமைக்காரனும் இல்லை. சட்டம் சொன்னதைச் செய்கிறவன். ஹியூகோவின் நாவலில், யாரைத் துரத்தினானோ அவனே ஜாவரின் உயிரைக் காப்பாற்றுகிறான். கைக்குக் கிடைத்த அவனை ஜாவரால் பிடித்துக் கொடுக்க முடியவில்லை. விட்டுவிடுகிறான். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை சட்டத்தை மீறிய அந்தப் பாரம் தாங்காமல் ஆற்றில் குதித்துச் செத்துப் போகிறான்.

இந்த ஜாவர்தான் பிறகு வேறு வேறு உடுப்பில் தமிழ் சினிமாவில் நடமாடினான். 1972-ல் வந்த 'ஞான ஒளி'யில் சிவாஜி அந்தோணி. அவரைத் துரத்தும் போலீஸ் அதிகாரி லாரன்சாக மேஜர் சுந்தர்ராஜன். இங்கே துரத்துகிறவன் பால்ய சிநேகிதனும் கூட. சட்டத்துக்கும் சிநேகத்துக்கும் நடுவில் மேஜர் நின்ற நிலை இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. இரண்டே வருடத்தில் 'தங்கப்பதக்கம்' (1974). இதிலே போலீஸ்காரரே கதாநாயகன். எஸ்.பி. சௌத்ரி தன் சொந்த மகனையே சுடுகிறார். 1950-ல் எதிரியாக இருந்தவன் 1972-ல் சிநேகிதனாகி, 1974-ல் நாயகனே ஆகிவிட்டான். மூன்று படத்திலும் அவன் சட்டத்தை மீறவில்லை அல்லது மீறத் தவித்தான். அந்தத் தவிப்புதான் பாத்திரம்.

அதற்குப் பிறகு நாம் பார்க்கும் போலீஸ் படங்களை யோசித்துப் பாருங்கள். 'காக்க காக்க' (2003), 'சிங்கம்' (2010) என்று என் விடுதிக் காலத்திலும் அதற்கு முன்னும் விசில் அடித்துப் பார்த்த படங்கள். நானும் அடித்தவன்தான், மறுக்கவில்லை. சட்டம் குறுக்கே நின்றால் ஹீரோ அதைத் தள்ளிவிட்டுச் சுடுவார், நாம் கை தட்டுவோம். ஒரு தடவை சட்டத்தை மீறியதற்காக உயிரை விட்டவனின் வாரிசுகள், மீறுவதற்காகவே கைதட்டல் வாங்குகிறார்கள். உடுப்பு அதே காக்கிதான். உள்ளே இருந்த ஆளைக் காணோம்.

தாத்தா சொன்னது

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. எங்கள் தாத்தா பிரெஞ்சுக்காரன் காலத்துப் போலீஸ் சிப்பாய். நம் ஊர்க் காவலர்கள் இன்றைக்கும் போடும் சிவப்புக் கெப்பித் தொப்பியை அவர் காலத்தில் போட்டவர். நான் கல்லூரியில் படிக்கும்போது ஒரு மத்தியானம் டி.வி.யில் 'ஏழை படும் பாடு' ஓடியது. "இந்தாள்தானே தாத்தா வில்லன்?" என்று ஜாவரைக் காட்டிக் கேட்டேன்.

"வில்லன் இல்லடா தம்பி. சொன்ன வேலையச் செஞ்சான். அப்புறம் என்ன பண்றதுன்னு அவனுக்குத் தெரியாமப் போச்சு" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார். 1954-ல் இணைப்புப் போராட்டம் நடந்தபோது, இந்தியக் கொடி பிடித்தவர்களைப் பிடித்து வரச் சொல்லி உத்தரவு. அதிலே ஒருத்தர் கூடப் படித்தவர். பிடித்துக்கொண்டு போனாராம். அக்டோபர் 18-ந் தேதி கீழூரில் ஓட்டெடுப்பு நடந்தது. 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள். நவம்பர் 1-ந் தேதி ஆட்சி கைமாறியது. அன்றைக்கு அதே சிநேகிதர் கொடியேற்றத்தில் முன் வரிசையில் நிற்க, தாத்தா அதே தொப்பியோடு சல்யூட் அடித்தாராம். "அவர் ஒண்ணும் சொல்லல. சிரிச்சாரு. அதான்டா தாங்கல" என்றார்.

அதற்கு மேல் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அவர் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிவிட்டது.

தேய்ந்த பாகத்தை அளக்காதே

என் வேலையில் அடிக்கடி நடப்பது ஒன்று. பழைய மிஷினில் ஒரு பாகம் போய்விடும். வரைபடம் இருக்காது. அந்தப் பாகத்தையே அளந்து புதிதாகக் கடைந்து மாட்டுவோம். அனுபவம் இல்லாதவர் செய்தால், தேய்ந்து போன அளவையும் அப்படியே எடுத்துவிடுவார். புதுப் பாகம் பளபளவென்று இருக்கும், ஆனால் மாட்டியதும் ஆடும். அந்தப் பாகம் எதைத் தாங்குவதற்காக அங்கே இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அளவெடுப்பது அதற்கப்புறம்தான்.

ரீமேக் படங்களும் அப்படித்தான். இந்தியில் 'கோல்மால்' (1979) தமிழில் 'தில்லு முல்லு' (1981) ஆனபோது, மீசையை வைத்து மனிதனை எடை போடும் முதலாளியாகத் தேங்காய் சீனிவாசன் நின்றார். ரஜினியின் அத்தனை குறும்புக்கும் அவர்தான் முட்டுக்கொடுத்த தூண். 2013-ல் அதே பெயரில் மறுபடி எடுத்தார்கள். சிவாவும் பிரகாஷ்ராஜும் திறமைசாலிகள்தான். ஆனால் எனக்கு ஏமாற்றமே மிஞ்சியது. சிரிப்பு இருந்தது, அந்த முதலாளியின் அப்பாவித்தனம் இல்லை. அது இல்லாவிட்டால் ஏமாற்றுவதில் என்ன சுவை?

தம்பி தங்கைகளே, பழைய படம் என்றால் தள்ளிவிடாதீர்கள். ரீமேக் பார்த்தால் மூலத்தையும் ஒரு தடவை பாருங்கள். ஹீரோவை மட்டும் பார்க்காமல், எதிரே நிற்கும் ஆளையும் பாருங்கள். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். படம் முடிந்ததும் டி.வி.யை அணைத்துவிட்டு, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்காமல் விட்டது அந்த ஒரு வார்த்தைதான்.

சந்திப்பு நாளன்று கேண்டீன் பக்கம்தான் இருப்பேன். சண்டை போட வருகிற எம்.ஜி.ஆர். ரசிகர்களுக்கு டீ என் செலவு.

என்றும் அன்புடன்,
முன்னாள் மாணவன்,
மெக்கானிக்கல் பிரிவு