ஒரு மூடி வெனிலாவும் ஒரு அடிமைச் சிறுவனும்

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் முதல்முறையாக கேக் செய்தேன். ஓவன் எல்லாம் கிடையாது. குக்கரில் உப்பைப் பரப்பி, வெயிட்டையும் கேஸ்கெட்டையும் கழற்றிவிட்டுச் செய்கிற கேக்தான். மைதா, சர்க்கரை, முட்டை, வெண்ணெய், பேக்கிங் பவுடர் எல்லாம் கலந்த பிறகும் அது வெறும் மாவாகத்தான் இருந்தது. ஒரு மூடி வெனிலா எசென்ஸ் விட்டதும்தான் கேக் வாசம் வந்தது. இந்த வாசம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்ததில் கிடைத்த கதை இது.

வெனிலா ஆர்க்கிட் வகைக் கொடி. சொந்த ஊர் மெக்சிகோ. அங்கே டோட்டோனாக் மக்கள் அதை வளர்த்தார்கள். அஸ்டெக்குகள் கொக்கோ பானத்தில் கலந்து குடித்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் மூலம் ஐரோப்பாவுக்கு அதன் ருசி தெரிந்தது. பிறகு கொடியையே கொண்டுபோய் வேறு இடங்களில் நட்டார்கள். வளர்ந்தது, பூத்தது, ஆனால் காய்க்கவில்லை! பூவுக்குள் மகரந்தத்தையும் சூல்முடியையும் ஒரு சின்னச் சவ்வு பிரிக்கிறது. மெக்சிகோவில் அதைத் தாண்டி மகரந்தம் சேர்க்கப் பூச்சிகள் இருந்தன. மற்ற இடங்களில் இல்லை. 1836-ல் பெல்ஜியத்தில் சார்ல்ஸ் மோரன் என்ற தாவரவியலாளர் கையால் மகரந்தம் சேர்த்துக் காய்க்க வைத்தார். ஆனால் அந்த முறை தோட்டங்களுக்குப் பரவவில்லை.

இனிதான் முக்கியமான கட்டம். மடகாஸ்கருக்குக் கிழக்கே ரீயூனியன் என்றொரு தீவு. அப்போது அதன் பெயர் பூர்போன், பிரெஞ்சுக் காலனி. அங்கே எட்மண்ட் என்ற சிறுவன் 1829-ல் அடிமையாகவே பிறந்தான். பிரசவத்திலேயே தாய் இறந்துவிட்டாள். பள்ளிக்கூடம் போனதில்லை. தோட்ட முதலாளி பெல்லியே போமோனின் பின்னாலேயே சுற்றிச் செடிகளைப் பற்றித் தெரிந்துகொண்டான். 1841-ல் ஒருநாள், பல வருடங்களாகக் காய்க்காத வெனிலாக் கொடியில் காய்கள் தொங்குவதைப் பார்த்து முதலாளி அசந்துபோனார். நான்தான் செய்தேன் என்றான் எட்மண்ட். வயது 12! மெல்லிய மூங்கில் குச்சியால் சவ்வைத் தூக்கி, கட்டைவிரலால் மகரந்தத்தை அழுத்தி ஒட்டவைத்தான். அவ்வளவுதான், சில நொடி வேலை. மற்ற தோட்டங்களுக்கும் அவனை அனுப்பி இதைச் சொல்லிக்கொடுக்க வைத்தார்கள். தீவில் வெனிலா ஏற்றுமதி வளர்ந்தது. மடகாஸ்கருக்கும் அந்த முறை போனது.

எட்மண்டுக்கு என்ன கிடைத்தது? 1848-ல் அடிமை முறை ஒழிந்தபோது விடுதலையும், அல்பியஸ் என்ற குடும்பப் பெயரும். லத்தீனில் ‘அல்பஸ்’ என்றால் வெள்ளை. ஒரு கறுப்பின இளைஞருக்கு வைத்த பெயர் அது! அப்புறம் நகைத் திருட்டு வழக்கில் சிறைக்குப் போனார். வெனிலாவுக்கு அவர் செய்ததைச் சொல்லி முறையிட்டதால் முன்கூட்டியே விடுவித்தார்கள். இதற்கிடையில் ரிஷார் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர், அந்த முறையைக் கண்டுபிடித்தது தானே என்று உரிமை கொண்டாடினார். எட்மண்டுக்காகக் கடிதம் எழுதி வாதாடியவர் அந்தப் பழைய முதலாளிதான். பெயர் தப்பித்தது, பணம் வரவில்லை. 1880-ல் வறுமையிலேயே இறந்தார்.

இன்னொரு விஷயம். 1874-ல் ஜெர்மனியில் டீமன், ஹார்மன் என்ற இரண்டு வேதியியலாளர்கள் ஊசியிலை மரச்சாற்றில் உள்ள ஒரு பொருளிலிருந்து வெனிலின் தயாரித்தார்கள். வெனிலாவின் முக்கிய வாசனைப் பொருள் அதுதான். இன்று உலகில் விற்கும் வெனிலினில் பெரும்பகுதி செயற்கையானது. என் எசென்ஸ் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். செயற்கை மணம் என்றுதான் போட்டிருந்தது!

அப்படியானால் என் கேக்குக்கும் எட்மண்டுக்கும் சம்பந்தம் இல்லையா? இருக்கிறது என்றே நினைக்கிறேன். யாரும் விரும்பாத வாசத்தை யாரும் நகலெடுக்க மாட்டார்கள். அரிதாக இருந்த அந்த வாசம் பல அடுப்படிகளுக்குப் போனதில் அந்தச் சிறுவனின் கட்டைவிரலுக்குப் பங்கு உண்டு. நிஜ வெனிலாத் தோட்டங்களில் இன்றும் ஒவ்வொரு பூவையும், அது விரிந்திருக்கும் அந்த ஒரே நாளில், கையால் அப்படித்தான் தொடுகிறார்கள்.

கேக் நடுவில் கொஞ்சம் அமுங்கிவிட்டது. வாசம் மட்டும் நன்றாக இருந்தது :-)