அமெரிக்கச் செம்புச் சென்ட்டுகளின் அச்சு வகைக் கையேடுகள்

ஒரே ஆண்டில், ஒரே மதிப்புக்கு அடிக்கப்பட்ட நாணயங்களில் எது எந்த அச்சிலிருந்து வந்தது என்று பிரித்துக் காட்டும் நூல்கள் அச்சு வகைக் கையேடுகள் எனப்படும். பிலடெல்பியா நாணயச்சாலை 1793 முதல் 1857 வரை வெளியிட்ட பெரிய செம்புச் சென்ட்டுகளுக்காக எழுந்த கையேடுகள் இத்துறையில் தனி இடம் பெற்றவை. இன்று உலகெங்கும் நாணயத்தின் தரத்தைக் குறிக்கும் 70 புள்ளி அளவுகோல் இவற்றுள் ஒன்றில்தான் பிறந்தது.

இத்தகைய நூல்களுக்குத் தேவை ஏற்பட்டது நாணயச்சாலையின் வேலைமுறையால். தொடக்க ஆண்டுகளில் ஒவ்வோர் அச்சும் கையால் முடிக்கப்பட்டது. எஃகுத் துண்டில் சுதந்திர தேவியின் தலை இறங்கிய பிறகு எழுத்துகள், ஆண்டின் இலக்கங்கள், பின்பக்க மாலையின் இலைகள், காய்கள் ஆகியவற்றைச் சிறு உளிமுத்திரைகளால் ஒவ்வொன்றாக அடித்துப் பதித்தார்கள். ஓர் அச்சில் 4 சற்றுச் சாயும். இன்னொன்றில் ஓர் இலையின் நுனி எழுத்தின் காலைத் தொடும். முதல் சென்ட்டில் இடம் போதாதோ என்று அமெரிக்கா என்ற சொல்லையே பாதியில் நிறுத்திப் புள்ளி வைத்துவிட்டார்கள். அடுத்த அச்சில் முழுச்சொல்லும் வந்தது. எஃகின் தரமும் குறைவு. ஆகவே அச்சுகள் விரைவில் விரிசல் விட்டன. அந்த விரிசல் அடுத்தடுத்த நாணயங்களில் மேடான கோடாக வளர்ந்துகொண்டே போனது. முன்பக்க அச்சு உடைந்தால் பின்பக்க அச்சைத் தூக்கி எறியவில்லை, வேறொன்றோடு சேர்த்தார்கள். ஒரு முன்பக்க அச்சும் ஒரு பின்பக்க அச்சும் சேர்ந்த இணையே ‘வகை’ என எண்ணப்படுகிறது.

1857 பிப்ரவரிச் சட்டம் பெரிய சென்ட்டை நிறுத்தி, சிறிய சென்ட்டைக் கொண்டுவந்தது. பழைய காசு கையை விட்டுப் போகிறது என்று தெரிந்ததும் அதைத் தேடிச் சேர்ப்பவர்கள் பெருகினார்கள். முதலில் ஆண்டுக்கு ஒன்று சேர்த்தவர்கள், பிறகு ஒரே ஆண்டிலும் வேறுபாடு இருப்பதைக் கண்டார்கள். 1869இல் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒன்று, 1793ஆம் ஆண்டுச் சென்ட்டுகளைப் பற்றி அமெரிக்க நாணயவியல் இதழில் ஜோசப் லெவிக் அளித்த ஒளிப்படத் தகடும், அதற்கு சில்வெஸ்டர் கிராஸ்பி எழுதிய விளக்கமும். மற்றொன்று, பிலடெல்பியா மருத்துவர் எட்வர்டு மாரிஸ் 1794ஆம் ஆண்டுச் செம்பு நாணயங்களை வகைப்படுத்திய சிறுநூல்.

மாரிஸ் தம் வகைகளுக்குப் பெயர் சூட்டினார். இரட்டை மோவாய், தழும்புத் தலை, மினுக்கி, கடல் வீனஸ், காதல் முகம், பட்டகோனியன், விழுந்த 4 என்று போகிறது அவர் பட்டியல். மருத்துவர் நோயாளியின் முகத்தைப் படிப்பதுபோல் அவர் தேவியின் முகத்தைப் படித்தார். படமில்லாத நூலுக்கு இப்பெயர்கள் நினைவில் நிற்க உதவின. ஆனால் ஒருவருக்கு மினுக்கியாகத் தெரிபவள் மற்றவருக்கு அப்படித் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கிராஸ்பி 1897இல் வெளியிட்ட நூலில் முன்பக்க அச்சுக்கு எண், பின்பக்க அச்சுக்கு எழுத்து என்று வைத்தார். அழகில்லாத முறைதான்; என்றாலும் எந்த அச்சு எதனுடன் சேர்ந்தது என்பதைக் குறியீடே சொல்லிவிட்டது. இடையில் 1893இல் ஃப்ரோசார்டும் ஹேஸும் 1794ஐ மீண்டும் ஆராய்ந்தார்கள். 1816 முதலான காலத்தை 1881இல் ஆண்ட்ரூஸும், 1944இல் ஹோவர்டு நியூகோம்பும் வகைப்படுத்தினார்கள்.

கையேட்டைப் பயன்படுத்துபவர் முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை. நாணயம் புழங்கும்போது கன்னமும் கூந்தலும்தான் முதலில் தேயும். இலக்கங்களுக்கிடையே உள்ள இடைவெளி, கடைசிச் சுருளின் திசை, இலை நுனிக்கு மேலே நிற்கும் எழுத்து, காய்களின் எண்ணிக்கை, மாலைக்குக் கீழே 1/100 என்ற பின்னத்தின் கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பவையே துப்புகள். இரண்டு மூன்று துப்புகள் பொருந்தினால் உருப்பெருக்கியுடன் படத்தகட்டுக்குப் போகலாம். ஆண்டே அழிந்துபோன காசையும் இப்படி அடையாளம் காண முடியும்.

போலிகளும் இதே வழியில் பிடிபடுகின்றன. 1799 சென்ட் அரிது என்பதால் 1798இன் கடைசி இலக்கத்தைச் செதுக்கி மாற்றியவர்கள் உண்டு. உண்மையான 1799க்கு உள்ள அச்சு இணைகள் இரண்டே. மற்ற எழுத்துகளின் இருப்பிடம் அவற்றோடு ஒத்துவராவிட்டால் இலக்கம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தும் பயனில்லை. 1804க்கு நேர்ந்தது இன்னும் வேடிக்கை. ஏறத்தாழ 1860இல், நாணயச்சாலை கழித்துவிட்ட துருப்பிடித்த அச்சுகளைக் கொண்டு வெளியார் ஒரு ‘மறுஅடிப்பு’ செய்தார்கள். முன்பக்கத்துக்கு 1803 அச்சைத் திருத்தினார்கள். பின்பக்கத்துக்கு 1820ஆம் ஆண்டு அச்சைச் சேர்த்தார்கள். அந்தப் பின்பக்கத்தில் பின்னமே கிடையாது. உண்மையான வகைகளிலேயே வியப்பானது 1794இன் விண்மீன் பின்பக்கம்: விளிம்புப் பற்களுக்கிடையே 94 நுண்ணிய விண்மீன்கள் சுற்றிலும் பதிந்திருக்கின்றன.

சிதறிக் கிடந்த ஆய்வுகளை ஒன்றாக்கியவர் வில்லியம் ஷெல்டன். உடல் அமைப்பை வைத்து மனிதரை மூவகையாகப் பிரித்த உளவியலாளர் அவரே. 1949இல் வந்த அவருடைய ‘எர்லி அமெரிக்கன் சென்ட்ஸ்’ நூல் 1793 முதல் 1814 வரையிலான வகைகளுக்கு எஸ்-1 முதல் எஸ்-295 வரை தொடர் எண் கொடுத்தது. 1794க்கு மட்டும் 56 எண்கள். 1809க்கு ஒன்றே ஒன்று. திருத்திய பதிப்பு 1958இல் ‘பென்னி விம்சி’ என்ற பெயரில் வெளிவந்தது. மிகச் சில காசுகளே எஞ்சியிருந்த வகைகளைச் சேகரிக்க முடியாதவை என்று ஒதுக்கி அவற்றுக்கு ‘என்சி’ எண்கள் தந்தார். விலைக்கும் ஒரு சூத்திரம் வைத்தார். ஒவ்வொரு வகைக்கும் ஓர் அடிப்படை விலை உண்டு; வகை தெரியும் அளவுக்கு மட்டும் எஞ்சிய தேய்ந்த காசுக்கு 1, குறையற்றதற்கு 70 என்ற தர எண்ணால் அதைப் பெருக்க வேண்டும். அடிப்படை 2 டாலர், தரம் 40 என்றால் விலை 80 டாலர். சந்தை இந்தக் கணக்குக்குக் கட்டுப்படவில்லை. சில ஆண்டுகளிலேயே சூத்திரம் உடைந்தது. எண்கள் மட்டும் பிழைத்து, செம்போடு தொடர்பே இல்லாத பொன், வெள்ளி நாணயங்களுக்கும் பரவின. பெருக்கல் போனபின் 70 என்ற எல்லைக்குக் காரணம் எதுவும் மிஞ்சவில்லை.

ஷெல்டனின் நூலறிவுக்கு இருண்ட பக்கமும் உண்டு. சேகரிப்பாளர் ஜார்ஜ் கிளாப் நியூயார்க்கின் அமெரிக்க நாணயவியல் சங்கத்துக்கு 1946இல் வழங்கிய தொகுப்பிலிருந்து ஷெல்டன் நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு, அதே வகையில் தரம் குறைந்தவற்றை அந்த இடங்களில் வைத்தார். எண் பொருந்தியதால் பேழையில் குறை எதுவும் தெரியவில்லை. ஷெல்டன் 1977இல் இறந்து பல ஆண்டுகள் கழிந்து, பழைய ஒளிப்படங்களுடன் ஒப்பிட்டபோதுதான் நூற்றுக்கும் மேற்பட்ட காசுகள் மாறியிருப்பது வெளிப்பட்டது. வகையைச் சொல்ல அச்சின் அடையாளம் போதும். ஆனால் தனியொரு காசைச் சொல்ல அதன்மேல் விழுந்த கீறலும் கறையும் வேண்டும். ஷெல்டனுடைய தொகுப்பை விலைக்கு வாங்கியவருக்கும் சங்கத்துக்கும் இடையே வழக்கு நடந்தது. கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் 1996இல் அதில் தீர்ப்பளித்தது.

இம்முறை மற்ற நாணயங்களுக்கும் பரவியது. கால் டாலருக்கு 1925இல் பிரவுனிங், தொடக்க கால வெள்ளி டாலருக்கு 1950இல் பொலெண்டர், அரை டாலருக்கு 1967இல் ஓவர்டன், மார்கன் டாலருக்கு 1971இல் வான் ஆலனும் மாலிஸும் வகை எண்கள் அளித்தார்கள். செம்புக்காசு ஆர்வலர்கள் 1967இல் தனிச் சங்கமே அமைத்துக்கொண்டார்கள். சென்ட்டுகளுக்கு 1991இல் நோய்ஸின் படநூலும், 2000இல் பிரீனின் பெரிய கலைக்களஞ்சியமும் வந்தன. ஷெல்டனின் எண்களை யாரும் கைவிடவில்லை. சேகரிக்க முடியாதவை என்று அவர் ஒதுக்கிய சில வகைகளில் பிற்பாடு காசுகள் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. இருந்தும் அவை இன்னும் என்சி எண்ணோடுதான் ஏலப் பட்டியல்களில் இடம்பெறுகின்றன.