ஆடாத கூரை, ஆடும் படகு

அமெரிக்காவில் ரிடையரான தம்பதிகள் சிலர் செய்கிற காரியம் ஒன்று உண்டு. இருக்கிற வீட்டை விற்றுவிட்டு பஸ் சைஸில் ஒரு வண்டி வாங்கிக்கொள்வார்கள். கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் வண்டிக்குள்ளேயே. பிடித்த ஊரில் நிறுத்தித் தங்குவது, அலுத்தால் கிளம்புவது. எல்லாம் சரி, ராத்திரி டிவி பார்க்க வேண்டாமா? அங்கேதான் ரோதனை. மரம் மறைக்காத இடமாகப் பார்த்து முக்காலியை ஊன்றி, காம்பஸ் வைத்துத் தெற்கு எது என்று தேடி, டிஷ்ஷை அப்படியும் இப்படியும் திருப்பி ஒரு வழியாகப் படம் வரும். மறுநாள் வேறு ஊர். மறுபடி முதலிலிருந்து.

நமக்கெதற்கு இந்தக் கதை என்கிறீர்களா? வீட்டோடு நகர்கிறவர்கள் நம்மிடமும் இருக்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில், குளச்சலுக்கு மேற்கே இனயம் என்று ஒரு கடலோர ஊர். துறைமுகம் வரப்போகிறது என்று 2016-ல் பேச்சு எழுந்து, ஊர் மக்கள் எதிர்த்ததில் பத்திரிகைகளில் அடிபட்ட பெயர். அந்த வட்டாரத்து ஆழ்கடல் மீனவர்கள் கிளம்பினால் சாயங்காலம் திரும்புகிற ரகமில்லை. ஐஸ், அரிசி, டீசல் எல்லாம் ஏற்றிக்கொண்டு வாரக்கணக்கில் அரபிக் கடலில் இருப்பார்கள். சமையல், தூக்கம், வேலை எல்லாம் படகில்தான்.

அந்தப் படகில் ஒரு டிஷ் வைத்தால் என்ன?

வைக்கலாம். படம் வராது. காரணம் எளிது. டிவி சாட்டிலைட் பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. பூமி ஒரு சுற்று சுற்றும் நேரத்தில் அதுவும் ஒரு சுற்று சுற்றுவதால், நமக்கு ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோற்றம். இனயத்தில் ஒரு வீட்டுக் கூரையில் தூர்தர்ஷனின் இலவச டிஷ்ஷை வைத்தால், அது கிழக்கும் தென்கிழக்குமாகத் திரும்பி, கிட்டத்தட்ட 69 டிகிரி நிமிர்ந்து வானத்தைப் பார்க்க வேண்டும். அந்தச் சின்னத் தட்டுக்கு இரண்டு மூன்று டிகிரி விலகினாலே சிக்னல் போய்விடும். அலையில் படகு எத்தனை டிகிரி ஆடும் என்று போய்ப் பார்த்தவர்களைக் கேளுங்கள். பெரிய கப்பல்களில் இதற்கு மாற்று உண்டு. வெள்ளைக் குவிமாடத்துக்குள் டிஷ்ஷை வைத்து, கப்பல் ஆட ஆட மோட்டார்கள் அதை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே இருக்கும். விலையோ லட்சங்களில்.

ஆக, சாட்டிலைட் டிவி என்பது ஆடாத கூரை உள்ளவர்களுக்கான வசதி. இதை முதலில் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இனி சரித்திரத்துக்குப் போகலாம்.

இனயத்திலிருந்து கடலோரமாகவே வடமேற்கே சுமார் ஐம்பது கிலோமீட்டர் போனால் தும்பா. அதுவும் மீனவர் ஊர்தான். பூமியின் காந்த நடுக்கோடு அந்தப் பக்கமாகப் போகிறது என்பதால் ராக்கெட் விட அதைத் தேர்ந்தெடுத்தார் விக்ரம் சாராபாய். ஜனங்கள் நிலத்தையும் வீட்டையும் விட்டுக்கொடுத்தார்கள். மாதாகோயிலையே கொடுத்தார்கள். புனித மேரி மக்தலேனா ஆலயம்தான் விஞ்ஞானிகளின் முதல் அலுவலகம். 1963 நவம்பர் 21-ம் தேதி முதல் ராக்கெட் கிளம்பியது. இந்திய விண்வெளித் திட்டம் பிறந்தது கடற்கரைக்காரர்கள் கொடுத்த மண்ணில்.

அடுத்தது 1975. நாசாவின் ஏடிஎஸ்-6 என்கிற சாட்டிலைட்டை ஒரு வருடத்துக்குக் கடன் வாங்கினோம். கோழிக்கூண்டுக்கு அடிக்கிற கம்பி வலையில் பத்தடி அகலத்துக்கு டிஷ் செய்து, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களில் வைத்தார்கள். விவசாயம், சுகாதாரம், பள்ளிப்பாடம் என்று நிகழ்ச்சிகள். தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் நமக்குத் தெற்கே, கடலுக்கு அந்தப்புறம், கொழும்பில் ஒரு வீட்டில் அது தெரிந்தது. வீட்டுக்காரர் ஆர்தர் சி.கிளார்க். 1945-லேயே இப்படிப்பட்ட சாட்டிலைட் சாத்தியம் என்று கட்டுரை எழுதியவர். மரியாதை நிமித்தம் இஸ்ரோ எஞ்சினியர்கள் போய் அவர் வீட்டில் டிஷ் வைத்துக் கொடுத்தார்கள். இலங்கையில் அப்போது டிவியே கிடையாது!

1981-ல் நாமே ஒன்று செய்தோம். ஆப்பிள் என்று பெயர். திட்ட இயக்குநர், பிறகு அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஆர்.எம்.வாசகம். அதன் ஆன்டெனாவைச் சோதிக்க உலோகம் குறுக்கிடாத வண்டி வேண்டும். என்ன செய்தார்கள் தெரியுமா? மாட்டு வண்டியில் ஏற்றினார்கள். அந்த போட்டோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

1980களில் இன்சாட் வந்ததும், புயல் எச்சரிக்கையை சாட்டிலைட் வழியே கடலோரத்துக்கு அனுப்புகிற ஏற்பாடும் வந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தக் கருவிகளும் கரையில்தான் இருந்தன.

2004 டிசம்பர் 16. தூர்தர்ஷனின் டிடிஎச் சேவை தொடங்கியது. டிஷ்ஷும் பெட்டியும் வாங்கிவிட்டால் மாதச் சந்தா இல்லை. கேபிள்காரர் எட்டிப் பார்க்காத ஊருக்கும் டிவி. சரியாகப் பத்தே நாளில் சுனாமி. சுமத்ராவில் பூமி அதிர்ந்து, அலை நம் கரைக்கு வந்து சேர மணிக்கணக்கில் ஆயிற்று. அத்தனை நேரமும் வானத்தில் சாட்டிலைட்டுகள் இருந்தன. ஓடுங்கள் என்று சொல்ல ஆளில்லை. இந்தியாவின் சுனாமி எச்சரிக்கை மையம் 2007-ல்தான் ஹைதராபாத்தில் வந்தது. குளச்சல் கரையோரம் அன்று இழந்ததை இங்கே விவரிக்கத் தேவையில்லை.

2004-ல் கருவி இருந்தது, செய்தி இல்லை. 2017-ல் இது தலைகீழானது.

2017 நவம்பர் 29-ம் தேதி இலங்கைக்குத் தென்கிழக்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். கடலுக்குப் போகாதீர்கள் என்று அறிவிப்பு வந்தது. மறுநாளே அது ஒக்கி புயலாகிவிட்டது. அறிவிப்பு சரி. ஆனால் நாட்கணக்கில் முன்னாலேயே கிளம்பிவிட்டவனுக்குப் போகாதே என்று சொல்லி என்ன பிரயோஜனம்? படகிலிருக்கிற விஎச்எஃப் வயர்லெஸ் சில பத்துக் கடல் மைல்களுக்கு மேல் எட்டாது. செல்போன் கரை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் செத்துவிடும். சாட்டிலைட் போன் வைத்துக்கொள்ள அரசாங்கத்தின் உரிமம் வேண்டும். கூரையில் டிஷ் இருந்த வீட்டில் பெண்கள் டிவியில் புயலைப் பார்த்தார்கள். அதே புயலுக்குள் இருந்தவர்களுக்கு அதன் பெயர்கூடத் தெரியாது. தமிழகத்திலும் கேரளத்திலுமாக இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் 200-க்கு மேல். சில படகுகள் லட்சத்தீவிலும் மகாராஷ்டிரத்திலும் கரையொதுங்கின.

இஸ்ரோ சும்மா இருந்ததா என்றால், இல்லை. ஆபத்தில் பொத்தானை அழுத்தினால் சாட்டிலைட் வழியே கடலோரக் காவல்படைக்குத் தகவல் போகிற கருவி 2010-லேயே வந்துவிட்டது. ஆனால் அது ஒருவழிப் பாதை. கூப்பிடலாம். யாருக்காவது கேட்டதா என்று தெரியாது. 2019-ல் வந்த ஜெமினி கருவி அதற்கு நேர்மாறு. எச்சரிக்கை வரும், பதில் சொல்ல முடியாது. ஒன்றுக்கு வாய் மட்டும், இன்னொன்றுக்குக் காது மட்டும்!

2024 ஜனவரியில்தான் இரண்டும் சேர்ந்த கருவி வந்தது. அழுத்தினால், உன் குரல் கேட்டுவிட்டது என்று பதில் வரும். புயல், சுனாமி எச்சரிக்கையும் வரும். ப்ளூடூத்தில் செல்போனோடு இணைத்தால் தமிழிலேயே படிக்கலாம். ஆடுகிற படகில் இது மட்டும் எப்படி வேலை செய்கிறது? டிவி படம் என்பது பெரிய சுமை. அதை வாங்க டிஷ் குறி பார்த்து நிற்க வேண்டும். நாலு வரிச் செய்தி சின்ன சுமை. அதற்கு வானம் முழுவதையும் ஒருசேரக் கேட்கிற குட்டி ஆன்டெனா போதும். குறி பார்க்கவே வேண்டாம், படகு எப்படி ஆடினாலும் சரி. கடலில் இருப்பவனுக்குத் தேவை சீரியல் இல்லை, அந்த நாலு வரிதான்.

பி.காம். படித்தவனுக்குப் பற்று வரவு பார்க்கிற புத்தி போகாது. 1963-ல் கடற்கரை தன் கோயிலைக் கொடுத்தது. நடுக்கடலில் கூப்பிட்டவனுக்கு வானத்திலிருந்து பதில் வர 61 வருடம் ஆயிற்று. இருவழிக் கருவியை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் மகாராஷ்டிரத்தின் பால்கரில் தொடங்கி வைக்கப்பட்டது. சந்தோஷம். ஆனால் 2010-ல் எடுத்த கடல் மீனவர் கணக்கெடுப்பிலேயே எஞ்சின் உள்ள படகுகள் 1 லட்சத்து 40 ஆயிரத்துக்கு மேல். பாய்மரமும் துடுப்பும் நம்பிப் போகிறவை தனி.

கணக்கு இன்னும் டாலி ஆகவில்லை. எந்தப் படகு விட்டுப்போகிறதோ, அடுத்த புயல் அதைத்தான் முதலில் தேடிவரும்.