பாதுகாப்புத்துறை நிறுவன இணைப்புக் கட்டுப்பாடு (ஐக்கிய அமெரிக்கா)

பாதுகாப்புத்துறை நிறுவன இணைப்புக் கட்டுப்பாடு என்பது, படைக்கலங்களை உற்பத்தி செய்யும் நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணையும்போதோ, ஒன்றை மற்றொன்று விலைக்கு வாங்கும்போதோ, சந்தைப் போட்டியும் நாட்டின் பாதுகாப்பும் பாதிக்கப்படாமல் இருக்க அரசு மேற்கொள்ளும் ஆய்வையும் நடவடிக்கைகளையும் குறிக்கும். இக்கட்டுரை ஐக்கிய அமெரிக்காவில் உள்ள நடைமுறையை விளக்குகிறது.

சந்தையின் தனித்தன்மை

பொதுவான சந்தைகளில் வாங்குவோர் பலர் இருப்பர். போர் வானூர்தி, நீர்மூழ்கிக் கப்பல் போன்றவற்றின் சந்தையிலோ முதன்மையான வாங்குநர் அரசு ஒன்றே. இவற்றை வடிவமைக்கும் திறன் மிகச் சில நிறுவனங்களிடமே உள்ளது. திறன் வாய்ந்த பொறியாளர் குழுவொன்று ஒருமுறை கலைந்துவிட்டால், அதனை மீண்டும் உருவாக்கப் பல ஆண்டுகள் ஆகும். எனவே போட்டி குறைவதனால் விலை உயர்வதோடு, புதிய தொழில்நுட்பங்கள் தோன்றுவதும் தடைப்படக்கூடும். மறுபுறம், கொள்வனவு குறையும் காலத்தில் தேவைக்கு மிஞ்சிய தொழிற்சாலைகளைப் பேணும் செலவும் இறுதியில் அரசின் மீதே விழுகிறது. இவ்விரண்டையும் சீர்தூக்கிப் பார்ப்பதே ஆய்வின் மையச் சிக்கல் ஆகும்.

சட்ட அடிப்படை

1914 ஆம் ஆண்டின் கிளேட்டன் சட்டத்தின் 7 ஆம் பிரிவு, போட்டியைக் கணிசமாகக் குறைக்கக்கூடிய இணைப்புகளைத் தடை செய்கிறது. 1976 ஆம் ஆண்டின் ஆர்ட்-இசுகாட்-ரோடினோ சட்டத்தின்படி, குறிப்பிட்ட மதிப்புக்கு மேற்பட்ட இணைப்புகளை முன்கூட்டியே நீதித் திணைக்களத்துக்கும் கூட்டரசு வணிக ஆணையத்துக்கும் அறிவிக்க வேண்டும். இவ்விரு அமைப்புகளுள் ஒன்று இணைப்பை ஆராய்ந்து, தேவையெனில் நீதிமன்றத்தை நாடும். பாதுகாப்புத் திணைக்களம் தன் கருத்தைத் தெரிவிக்கும். இச்சட்டங்களின்கீழ் இணைப்பைத் தானே தடுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. எனினும், முதன்மை வாங்குநர் என்பதால் அதன் கருத்து பெரிதும் மதிக்கப்படுகிறது.

வரலாறு

பனிப்போர் முடிவுற்றபின் படைத்துறைச் செலவு குறைந்தது. 1993 இல், அப்போதைய துணைப் பாதுகாப்புச் செயலர் வில்லியம் பெரி, தொழிற்துறைத் தலைவர்களுடனான இராவிருந்தொன்றில், அனைத்து நிறுவனங்களும் நிலைத்திருக்கப் போதிய கொள்வனவு இராது என அறிவித்தார். இந்நிகழ்வு "இறுதி இராவுணவு" எனப் பெயர் பெற்றது. இதன்பின் இணைப்புகள் விரைந்து நடந்தேறின. 1994 இல் நார்த்ரோப்பும் கிரம்மனும், 1995 இல் லாக்கீடும் மார்ட்டின் மரியெட்டாவும், 1997 இல் போயிங்கும் மக்டொனல் டக்ளசும் இணைந்தன. 1990களில் 51 ஆக இருந்த முதன்மை ஒப்பந்த நிறுவனங்கள் 5 ஆகக் குறைந்துள்ளன எனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் 2022 ஆம் ஆண்டு அறிக்கை கூறியது.

தடுக்கப்பட்ட இணைப்புகள்

- லாக்கீட் மார்ட்டின் - நார்த்ரோப் கிரம்மன்: 1997 சூலையில் அறிவிக்கப்பட்டது. 1998 மார்ச்சில் நீதித் திணைக்களம் பென்டகனின் ஆதரவுடன் வழக்குத் தொடர்ந்தது. போர் வானூர்திகள், வான்வழி முன்னெச்சரிக்கை ராடார்கள், மின்னணு எதிர்நடவடிக்கைக் கருவிகள் முதலியவற்றில் போட்டி அழியும் என்பது அதன் வாதம். விசாரணை தொடங்குமுன், அதே ஆண்டு சூலையில் லாக்கீட் மார்ட்டின் முயற்சியைக் கைவிட்டது.
- செனரல் டைனமிக்சு - நியூபோர்ட் நியூசு: அணுவாற்றல் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கட்டும் இரு நிறுவனங்களும் ஒன்றாகிவிடும் என்பதால், 2001 அக்டோபரில் நீதித் திணைக்களம் வழக்குத் தொடர்ந்தது. நியூபோர்ட் நியூசை நார்த்ரோப் கிரம்மன் வாங்கியது.
- லாக்கீட் மார்ட்டின் - ஏரோசெட் ராக்கெட்டைன்: ஏவுகணை உந்துபொறிகளை விற்கும் நிறுவனம் ஏவுகணை உற்பத்தியாளர் ஒருவரின் கைக்குச் சென்றால் அவருடைய போட்டியாளர்கள் பாதிக்கப்படுவர் என்று கூறி, 2022 சனவரியில் கூட்டரசு வணிக ஆணையம் வழக்குத் தொடர்ந்தது. மறுமாதமே இம்முயற்சி கைவிடப்பட்டது. 2023 இல் எல்3ஆரிசு நிறுவனம் ஏரோசெட்டை வாங்கியது.

நிபந்தனைகளுடன் இசைவு

2006 இல் போயிங், லாக்கீட் மார்ட்டின் ஆகியவற்றின் விண்ணேவல் தொழில்கள் ஐக்கிய ஏவல் கூட்டணி என ஒன்றிணைய நிபந்தனைகளுடன் இசைவு அளிக்கப்பட்டது. போட்டி குறையும் என்று ஆணையம் கருதியபோதும், ஏவல்களின் நம்பகத்தன்மை நாட்டின் பாதுகாப்புக்கு இன்றியமையாதது எனப் பாதுகாப்புத் திணைக்களம் வலியுறுத்தியது. 2015 இல் இசுபேசு-எக்சு தகுதிச் சான்று பெற்ற பின்னரே இத்துறையில் போட்டி மீண்டது.

2018 இல் நார்த்ரோப் கிரம்மன் ஆர்பிட்டல் ஏடிகே நிறுவனத்தை வாங்கியபோது, திண்ம எரிபொருள் உந்துபொறிகளைப் போட்டியாளர்களுக்கும் பாகுபாடின்றி வழங்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கப்பட்டது. ஆயினும், மினிட்மேன் 3 ஏவுகணைக்கு மாற்றான ஏவுகணைக்குரிய ஏலத்தில் சமமான போட்டிக்கு இடமில்லை என்று கூறி 2019 இல் போயிங் விலகியது. 2020 இல், எஞ்சிய ஒரே போட்டியாளரான நார்த்ரோப் கிரம்மன் அவ்வொப்பந்தத்தைப் பெற்றது. நடத்தை சார்ந்த நிபந்தனைகள் மட்டும் போட்டியைக் காக்கப் போதுமா என்ற விவாதத்தில் இந்நிகழ்வு எடுத்துக்காட்டாகச் சுட்டப்படுகிறது.

இவற்றையும் பார்க்கவும்

- முற்றுரிமை
- கிளேட்டன் சட்டம்
- பனிப்போர்