கடுக்காயும் எருமைப் பாலும்

கடுக்காய் வைத்தியர் வீட்டுச் சரக்கு. எருமைப் பால் காப்பிக்கு உகந்தது. இவற்றுக்கும் பிரெஞ்சுக்காரர்களின் கைத்தொழிலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது.

பதினேழாம் நூற்றாண்டில் நம் சோழமண்டலக் கரையிலிருந்து போன சீட்டித் துணிகள் ஐரோப்பாவை ஓர் ஆட்டு ஆட்டி வைத்தன. எத்தனை தரம் துவைத்தாலும் அந்தச் சிவப்பு மங்கவில்லை. அங்கே பட்டும் கம்பளியும் நெய்தவர்கள் வயிற்றில் அடித்துக் கொண்டார்கள். 1686-ல் பிரான்ஸ் அத்துணிகளுக்குத் தடை போட்டது. 1721-ல் இங்கிலாந்து அவற்றை உடுத்தவே கூடாது என்று சட்டம் செய்தது. உடுத்தாதே என்று சொன்னால் பெண்கள் கேட்டுவிடுவார்களா? ஆசை வளர்ந்தது, ரகசியத்தை அறியும் அவாவும் கூடவே வளர்ந்தது.

கேர்தூ என்ற ஏசு சபைப் பாதிரியார் 1742 ஜனவரியில் இங்கிருந்து ஒரு நீண்ட கடிதம் எழுதினார். துணிக்குச் சித்திரம் எழுதுகிறவர்களில் சிலர் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றவர்கள். அவர்களைக் கேட்டு எல்லாவற்றையும் தெரிந்து கொண்டார். துணியை முதலில் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் ஊற வைக்க வேண்டும். கடுக்காயின் துவர்ப்பு படிகாரத்தை நூலில் பிடித்து வைக்கும். பாலின் கொழுப்பு எழுதிய கோடு ஊறிப் பரவாமல் காக்கும். சாயவேர்க் கொப்பரையில் கொதித்ததும் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவந்து எழும். நீலம் வேண்டாத இடத்தில் மெழுகைப் பூசி அவுரித் தொட்டியில் முக்க வேண்டும்.

இதைத் திருட்டு என்று நான் சொல்லமாட்டேன். கேட்டார், சொன்னார்கள். ஆனால் அண்டை வீட்டுக்காரனுக்கே சொல்லாத தொழில் மர்மத்தை ஞானகுருவிடம் ஒளிக்க யாருக்கு மனம் வரும்? அவரை மட்டும் குறை சொல்வதற்கும் இல்லை. சுமார் 1734-லேயே புதுச்சேரியில் பொலியே என்ற பிரெஞ்சு அதிகாரி, வேலையின் ஒவ்வொரு படியிலும் ஒரு துண்டுத் துணி வெட்டி வைத்துக் கொண்டார்.

முறை கடல் கடந்தது, கை கடக்கவில்லை. மூங்கில் எழுதுகோலால் பூப்பூவாக எழுதச் சிறு வயதிலிருந்தே பழகியிருக்க வேண்டும். அந்தப் பொறுமைக்குக் கூலி கொடுத்து அங்கே கட்டுமா? ஆகவே மர அச்சில் ஒற்றினார்கள். 1752-ல் அயர்லாந்தில் செப்புத் தகட்டில் அச்சிட்டார்கள். 1783-ல் தாமஸ் பெல் உருளை அச்சுக்கு உரிமை பெற்றார். தடை நீங்கிய மறுவருஷம், 1760-ல், ழூயி என்ற ஊரில் ஓபர்காம்ப் தொடங்கிய பட்டறையில் பிற்பாடு ஆயிரம் பேருக்கு மேல் வேலை செய்தார்கள். செதுக்குகிறவன், அச்சு ஒற்றுகிறவன், சாயத்தைச் சோதிக்கும் ரசாயனக்காரன் என்று புதுப்புது வேலைகள் பிறந்தன.

இங்கே? 1868-ல் இரண்டு ஜெர்மானியர்கள் அந்தச் சிவப்பைத் தாரிலிருந்தே செய்து காட்டினார்கள். சீக்கிரமே அது நம் துறைமுகங்களிலும் வந்து இறங்கிற்று. சாயவேர் தோண்டிப் பிழைத்தவர்களைச் சீந்துவார் இல்லை.

காளஹஸ்தியில் கலம்காரி எழுதுகிறவர்கள் இன்றைக்கும் துணியைக் கடுக்காயிலும் எருமைப் பாலிலும்தான் நனைக்கிறார்கள்.