வாங்கிய விளையாட்டு யாருடைய சொத்து?

கடந்த பனிக்கால விடுமுறைக்கு ஒஸ்லோவிலிருந்து மலைப்பக்கம் போய் ஒரு குடிலில் நான்கு நாட்கள் தங்கினோம். அங்கே இணையம் இல்லை. மகன் மடிக்கணினியில் தன் விளையாட்டைத் திறக்கப் பார்த்தான். ‘இணைய இணைப்புத் தேவை’ என்ற ஒரு வரிதான் வந்தது. அவன் விளையாடுவது தனியாகத்தான். பணமும் முழுதாகக் கட்டியாயிற்று. கணக்கு எழுதியே பிழைத்த எங்களுக்கு அன்று ஒரு கேள்வி எழுந்தது. இந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது? சொத்தா, வாடகையா?

முன்பு கடையில் வாங்கிய இறுவட்டில் விளையாட்டு முழுவதும் இருந்தது. இன்றைய பல விளையாட்டுகளில் நம் கணினியில் இருப்பது பாதிதான். மீதி, நிறுவனத்தின் சேர்வரில், அதாவது வழங்கிக் கணினியில், இருக்கிறது. ஆட்டக்காரர் எங்கே நிற்கிறார், எவ்வளவு சேர்த்தார், எதை வென்றார் என்ற கணக்கெல்லாம் அங்கேதான். அந்தத் தொடர்பு அறுந்தால் ஆட்டமும் நின்றுவிடும்.

இதற்குக் காரணங்கள் உண்டு. ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகில் கூடி விளையாடும் ஆட்டத்துக்கு இணைப்பு இன்றியமையாதது. களவுப் பிரதிகளைத் தடுப்பது இரண்டாவது காரணம். ஆட்டத்துக்குள்ளேயே ஆடை, ஆயுதம் என்று தொடர்ந்து விற்பது மூன்றாவது. முதலாவது நியாயம் நமக்கு விளங்குகிறது. தனியாக ஆடும் ஆட்டத்துக்கும் இணைப்புக் கேட்பதுதான் பிரச்சினை. 2013 மார்ச்சில் வெளிவந்த சிம்சிட்டி இதற்கு நல்ல உதாரணம். வழங்கிகள் நெரிசலில் திணற, பணம் கொடுத்தவர்கள் தங்கள் நகரத்தைக் கட்ட முடியாமல் காத்திருந்தார்கள். இணைப்பின்றி விளையாடும் வசதி ஓராண்டு கழித்து, 2014 மார்ச்சில்தான் வந்தது.

நாம் வாழும் ஒஸ்லோவுக்கும் இந்த வரலாற்றில் பங்குண்டு. 1993இல் இங்கு தொடங்கப்பட்ட பன்கொம் நிறுவனம் 2001 ஜூனில் அனார்கி ஒன்லைன் என்ற இணைய விளையாட்டை வெளியிட்டது. முதல் வாரங்களில் இணைப்பு அறுவதும் ஆட்டம் உறைவதுமாகப் பெரும் அவதி. ஆனால் நிறுவனம் திருத்தியது. இருபது ஆண்டுகளைக் கடந்தும் அந்த ஆட்டம் ஓடியது. மாதச் சந்தா கட்டியவர்களுக்கு அது வாடகை என்பது தெரிந்தே இருந்தது. அதே நிறுவனம் சிறுவர்களுக்காகச் செய்த லெகோ மினிஃபிகர்ஸ் ஒன்லைன் 2016 செப்டம்பர் 30இல் மூடப்பட்டது. அத்துடன் பிள்ளைகள் அதில் சேர்த்த பாத்திரங்களும் போயின.

உலகெங்கும் பேசப்பட்டது த குரூ என்ற கார்ப் பந்தய ஆட்டம். யூபிசொப்ட் நிறுவனம் 2014 டிசம்பரில் வெளியிட்டது. தனியாகவும் ஆடலாம், ஆனால் இணைப்புக் கட்டாயம். 2024 மார்ச் 31இல் வழங்கிகள் நிறுத்தப்பட்டன. முழு விலை கொடுத்து வாங்கியவர்களின் இறுவட்டும் அன்றோடு வெறும் தட்டாயிற்று.

அதன் பின் ரொஸ் ஸ்கொட் என்பவர் ‘ஸ்டொப் கில்லிங் கேம்ஸ்’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார். கோரிக்கை எளிது: வழங்கியை என்றென்றும் இயக்கச் சொல்லவில்லை, மூடும்போது, வாங்கியவர் தொடர்ந்து விளையாட ஒரு வழி விட்டுச் செல்லுங்கள். இதற்கான ஐரோப்பியக் குடிமக்கள் மனுவில் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டார்கள். நோர்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாததால் நோர்வேக் குடிமக்கள் அதில் ஒப்பமிட முடியாது. ஆனால் ஒன்றியத்தின் நுகர்வோர் சட்டங்கள் பல, ஐரோப்பியப் பொருளாதார வலய ஒப்பந்தத்தின் வழியே இங்கும் வந்து சேர்கின்றன.

அப்படி வந்த ஒன்றுதான் 2023 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள டிஜிட்டல் சேவைகள் சட்டம். வாங்கிய சேவை குறைபாடுடையதாக இருந்தால் திருத்தம், விலைக்குறைப்பு, ஒப்பந்த நீக்கம் என்று கேட்கும் உரிமையை இது தருகிறது. பத்து ஆண்டுகள் கழித்து ஆட்டத்தை மூடுவதை இது தெளிவாகத் தடுப்பதில்லை. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல், உரிமம் மட்டும் தரும் கடைகள் அதைச் சொல்லாமல் ‘வாங்கு’ என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. விற்பவர் உள்ளதைச் சொல்லட்டும் என்பது சிறிய காரியம்தான். ஆனால் அதுவே தொடக்கம்.

‘விளையாட்டுத்தானே’ என்று சிலர் சொல்வார்கள். காணி உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு சொந்த வளவுக்குள் கால் வைக்க முடியாமல் இருந்தவர்கள் நம்மிடையே உண்டு. அந்த இழப்போடு இதை ஒப்பிடவில்லை. ஆனால் பத்திரம் ஒருவர் கையிலும் திறப்பு இன்னொருவர் கையிலும் இருந்தால் என்ன நடக்கும் என்பதை நமக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை.

ஆகவே பெற்றோருக்குச் சில வார்த்தைகள். பணம் கட்டுமுன் அந்த விளையாட்டின் விவரத்தில் ‘தொடர் இணைய இணைப்புத் தேவை’ என்று இருக்கிறதா எனப் பாருங்கள். இருந்தால் அதை வாடகை என்றே எண்ணி, எத்தனை மாதத்துக்கு இந்த விலை தகும் என்று பிள்ளையோடு சேர்ந்து கணக்குப் பாருங்கள். பற்றுச்சீட்டை அழிக்காதீர்கள். குறை இருந்தால் முதலில் விற்றவருக்கு எழுத்தில் அறிவியுங்கள். ஆலோசனைக்கு நுகர்வோர் பேரவையான ஃபொர்புருக்கர்ரோடே இருக்கிறது. பிணக்கு முற்றினால் மத்தியஸ்தத்துக்கு ஃபொர்புருக்கர்தில்சீனேயை நாடலாம்.

எங்கள் வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் மகனின் விளையாட்டை இப்போது ‘வாடகை’ என்ற தலைப்பின் கீழ்தான் எழுதியிருக்கிறோம். எழுதியது அவனேதான்.